ஓவர்கிளாக் நிலைத்து நிற்க வோல்டேஜ் வைக்கும் முறை

என் மேஜையில் இருப்பது இன்டெலின் கோர் ஐ7-8700கே பிராசசர். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 2017-ல் வந்த சிப். எல்லாக் கோர்களும் முழு லோடில் (முழு வேலைப்பளுவில்) இருக்கும்போது 4.8 கிகாஹெர்ட்ஸுக்கு அது 1.21 வோல்ட் கேட்கிறது. 4.9-க்கு 1.26. 5.0-க்கு 1.33. 5.1 வேண்டுமென்றால் 1.42-க்குக் குறைத்து ஓடாது. உங்கள் பிராசசருக்கும் இப்படி ஒரு நாலு வரிப் பட்டியல் தயாரிப்பதுதான் ஓவர்கிளாக்கில், அதாவது பிராசசரை அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், முக்கால்வாசி வேலை. எந்த வரியில் நிற்பது என்பது அப்புறம் தானாகவே தெரிந்துவிடும்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது: முதல் படிக்கு 50 மில்லிவோல்ட், அடுத்ததற்கு 70, அதற்கடுத்ததற்கு 90. பிராசசர் இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதமாக ஏறும். வோல்டேஜைப் பொறுத்தவரை அதன் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக ஏறும். 4.8-லிருந்து 5.0-க்குப் போனால் வேகம் கூடுவது 4 சதவீதம். கணக்குப் போட்டால் மின்திறன் கூடுவது ஏறக்குறைய 26 சதவீதம். அந்த 26-ம் வெப்பமாகக் கூலரின் தலையில்தான் இறங்கும். ஸ்கிரீன்ஷாட்டில் ஐந்து என்ற முழு எண்ணைப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு, அதில் தப்பில்லை. நான் இந்த மெஷினில் மணிக்கணக்கில் வீடியோ என்கோடிங் ஓட்டுகிறவன். எனக்கு 4.9 போதும்.

என் எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஒரே மாடலில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு சிப்கூட ஒரே வேகத்துக்கு வேறு வேறு வோல்டேஜ் கேட்கும். அடுத்தவர் 1.25-ல் ஓட்டுகிறார் என்பது உங்கள் சிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. எந்த இடத்தில் தேட ஆரம்பிக்கலாம் என்பதை மட்டும் சொல்லும்.

தொடங்கும் முன்

இன்டெலில் பெயரின் கடைசியில் கே இருக்கும் சிப்பும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியில் ரைசன் சிப்கள் பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் வருகின்றன. பி அல்லது எக்ஸ் வரிசை போர்டு போதும், ஏ வரிசையில் முடியாது. 5800எக்ஸ்3டி போன்ற ஒரு சில ரைசன்கள் பூட்டியே வந்தன, அவற்றை விட்டுவிடுங்கள்.

முதலில் எதையும் மாற்றாமல், பயாஸை (போர்டின் அமைப்புகள் இருக்கும் இடம்) டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஒரு பத்து நிமிஷம் தொடர்ந்து ஓட விடுங்கள். பக்கத்தில், சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கட்டும். லோடில் வோல்டேஜ் எவ்வளவு, வாட் எவ்வளவு, அதிகபட்ச வெப்பம் எவ்வளவு, ஸ்கோர் எவ்வளவு என்று நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஃபால்ட்டிலேயே வெப்பம் 90 டிகிரியைத் தொட்டால் வோல்டேஜ் பக்கம் போக வேண்டாம். கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கிறதா, கேஸுக்குள் காற்று ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அப்போதைய வேலை. போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று இருக்கும் 8 பின் பவர் கேபிள் முழுக்கச் செருகியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எச்டபிள்யூஇன்ஃபோவில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விஐடி என்றும் விகோர் என்றும் இரண்டு வரிகள் இருக்கும். விஐடி என்பது சிப் கேட்கும் வோல்டேஜ். விகோர் என்பது அதற்குக் கிடைக்கும் வோல்டேஜ். ஒவ்வொரு கோருக்கும் ஒரு விஐடி காட்டுவதால் அதுதான் உண்மை என்று தோன்றும், ஆனால் நமக்கு வேண்டியது விகோர். விஆர் வவுட் என்ற வரியும் உங்கள் போர்டில் இருந்தால் இன்னும் நல்லது. அது வோல்டேஜ் ரெகுலேட்டரே தரும் அளவு. போர்டில் உள்ள சென்சார் சிப் தரும் விகோரைவிட நம்பகமானது.

இன்னொரு விஷயம்: ராமை அடிப்படைக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆரம்பத்தில் அணைத்துவிடுங்கள். ராம் அதன் அடிப்படை வேகத்தில் ஓடட்டும். கோரும் ராமும் ஒரே நேரத்தில் எல்லையில் நின்றால், மெஷின் விழும்போது (உறைந்தாலோ நீலத் திரை வந்தாலோ) யார் தள்ளியது என்று கண்டுபிடிக்க முடியாது. மல்ட்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரில் போர்டு தானாகவே வேகத்தை ஏற்றிவைக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

போட்டது ஒன்று, போய்ச் சேர்வது ஒன்று

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பயாஸில் 1.30 என்று போடுகிறீர்கள். விண்டோஸ் வந்ததும் சும்மா இருக்கும்போது 1.31 காட்டுகிறது. சினிபெஞ்சை ஓட்டியதும் 1.20-க்கு இறங்கிவிடுகிறது. போர்டு கெட்டுவிடவில்லை, அப்படி இறங்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். இதற்கு விடிராப் என்று பெயர்.

1.3 வோல்ட்டில் 130 வாட் இழுக்கும் சிப்புக்குள் 100 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. ரெகுலேட்டரிலிருந்து சிப் வரைக்குமான பாதைக்கு 1 மில்லிஓம் என்ற லோடுலைன் (மின்னோட்டம் ஏற ஏற வோல்டேஜ் எவ்வளவு இறங்க வேண்டும் என்ற அளவு) வைத்திருந்தால், 100 ஆம்பியரில் 100 மில்லிவோல்ட் இறங்கும். வேண்டுமென்றே இறங்க விடுகிறார்கள். காரணம், லோடு திடீரென்று நிற்கும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். எதிரில் நின்று நம்மைத் தள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று விலகினால் நாம் முன்னால் போய் விழுவதுபோல, 100 ஆம்பியரைத் தள்ளிக்கொண்டிருந்த ரெகுலேட்டர் ஒரு கணம் எல்லை தாண்டிவிடும். லோடில் வோல்டேஜ் முன்பே இறங்கியிருந்தால் அந்தத் துள்ளல் நீங்கள் வைத்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும்.

எல்எல்சி என்ற லோடுலைன் கேலிப்ரேஷன் இந்த இறக்கத்தைக் குறைக்கும் அமைப்பு. அதை உச்சத்தில் வைத்தால் வோல்டேஜ் கோடு போட்டதுபோல் தட்டையாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துள்ளல் முழுவதும் நீங்கள் வைத்த எண்ணுக்கு மேலேதான் நடக்கும். அது மைக்ரோ செகண்டுகளில் முடிந்துவிடுகிற காரியம். எச்டபிள்யூஇன்ஃபோ வழக்கமாக 2 செகண்டுக்கு ஒரு தடவைதான் அளக்கிறது, அதனால் கண்ணில் படவே படாது. ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கீழ்ப்பக்கமும் இதேதான். லோடு திடீரென்று ஏறும்போது ஒரு கணம் வோல்டேஜ் குழிவிழும்; எல்எல்சி அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் அந்தக் குழியும் ஊசலாட்டமும் பெரிதாகலாம். திரையில் 1.30 தட்டையாக நிற்கும்போதே மெஷின் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் என் வழக்கம்: எல்எல்சியை நடுவில் வைப்பது, முழு லோடில் 30 முதல் 50 மில்லிவோல்ட் வரை இறங்க விடுவது. என் போர்டில் பயாஸில் 1.30 வைத்தால் லோடில் 1.26 நிற்கிறது. அது போதும்.

நடு எது என்பதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் எண்ணை ஒவ்வொரு திசையில் போடுகிறது. ஆசுஸ் போர்டுகளில் எண் கூடக்கூட எல்எல்சி இறுகும். ஆஸ்ராக்கிலும் எம்எஸ்ஐயிலும் வழக்கமாக 1 என்பதுதான் மிக இறுக்கமானது, எண் கூடினால் தளரும். கிகாபைட்டில் எண்ணே இல்லை. லோ, மீடியம், ஹை, டர்போ, எக்ஸ்ட்ரீம் என்று பெயர்கள்தான். வேறு ஒருவர் “லெவல் 6 வையுங்கள்” என்று சொன்னால் எந்தப் போர்டு என்று முதலில் கேளுங்கள். சில பயாஸ்களில் இந்த அமைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வரைபடம் இருக்கும். அதில் கோடு எந்த அளவுக்குச் சாய்கிறது என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

இனிமேல் நான் வோல்டேஜ் என்று சொல்லும்போதெல்லாம் லோடில் அளந்த எண்ணைத்தான் சொல்கிறேன். உங்கள் நோட்டிலும் இரண்டு பத்திகள் இருக்கட்டும்: பயாஸில் போட்டது, லோடில் வந்தது. சிப் உணர்வது இரண்டாவதை மட்டும்தான்.

ஏற்றும் முறை

வோல்டேஜை ஃபிக்ஸட் முறைக்கு மாற்றுங்கள். சில போர்டுகளில் மேனுவல் அல்லது ஓவர்ரைடு என்று இருக்கும். தேடும் காலத்தில் வோல்டேஜ் தானாக ஆடக் கூடாது. பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். அதை எத்தனையால் பெருக்கினால் கோரின் வேகம் வரும் என்பதுதான் மல்ட்டிப்ளையர்; அதை எல்லாக் கோர்களுக்கும் ஒரே எண்ணாக வையுங்கள். கேஷ் அல்லது ரிங் என்று இருப்பதை (கோர்களை இணைக்கும் பகுதியின் வேகம்) டிஃபால்ட்டில் பூட்டிவையுங்கள். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் கோரோடு சேர்த்து அதையும் மேலே இழுத்துவிடும்.

உச்சவரம்பை இப்போதே, தலை சூடாகாத நேரத்தில் முடிவு செய்துவிடுங்கள். நள்ளிரவில் இன்னும் 20 மில்லிவோல்ட் கொடுத்தால் நின்றுவிடும் என்ற நிலையில் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. என் 14 நானோமீட்டர் சிப்புக்கு நான் வைத்திருக்கும் தினசரி வரம்பு லோடில் 1.35 வோல்ட், 85 டிகிரி. இரண்டில் எது முதலில் வந்தாலும் அங்கே நிற்பேன். தயாரிப்பாளரின் ஆவணத்தில் 1.52 வோல்ட் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதுவரை போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அந்தச் சிப் கேட்கக்கூடிய விஐடியின் மேல் எல்லை. முழு லோடில், நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும்போது, வருஷக்கணக்கில் தாங்கும் எண் என்று அதற்கு அர்த்தமில்லை. சிப்பைத் தேய்ப்பது வோல்டேஜ் மட்டும் இல்லை. வெப்பமும் மின்னோட்டமும் சேர்ந்துதான் தேய்க்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். டிஃபால்ட்டில் லோடு வோல்டேஜ் என்ன வந்ததோ அதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணைப் போடுங்கள். நான் 1.20-ல் தொடங்கினேன். மல்ட்டிப்ளையரை ஒன்று ஏற்றுங்கள், விண்டோஸுக்குப் போங்கள், சினிபெஞ்சைப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். நின்றால் (பிழையில்லாமல் ஓடி முடித்தால்) இன்னும் ஒன்று ஏற்றுங்கள். விழுந்தால் 20 மில்லிவோல்ட் கூட்டி மறுபடியும் ஓட்டுங்கள். நின்றதும் 10 குறைத்துப் பாருங்கள். அதற்கும் நின்றால் அதுதான் அந்த வேகத்துக்கான தற்காலிக எண். குறித்துக்கொண்டு அடுத்த மல்ட்டிப்ளையருக்குப் போங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். வேகத்தையும் வோல்டேஜையும் எல்எல்சியையும் சேர்த்து நகர்த்தினால் நோட்டில் எழுதியதற்கு மதிப்பே இல்லை.

மூன்று நாலு வரிகள் சேர்ந்ததும் வளைவு கண்ணுக்குத் தெரியும். ஒரு படிக்கு 40, 50 மில்லிவோல்ட் என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 80, 90 என்று குதிக்கும். குதிப்பதற்கு முந்தைய வரி உங்களுடையது. வரம்புக்கு இன்னும் இடமிருக்கிறதே என்று அதைத் தாண்டினால் கிடைக்கும் 100 மெகாஹெர்ட்ஸை எந்த வேலையிலும் உணர முடியாது, ஃபேன் சத்தத்தில் மட்டும் உணரலாம்.

விழுவதிலும் வகை உண்டு

மெஷின் விழுந்தால் உடனே வோல்டேஜை ஏற்றாதீர்கள். எப்படி விழுந்தது என்று பாருங்கள்.

விண்டோஸ் லோகோவிலேயே விழுந்தால், அல்லது சோதனை தொடங்கிய சில நொடிகளில் திரை உறைந்தால், கோர் வோல்டேஜ் நிறையவே குறைவு. 10 மில்லிவோல்ட் கூட்டிப் பயனில்லை. 40 கூட்டுங்கள், அல்லது மல்ட்டிப்ளையரை இறக்குங்கள்.

நீலத் திரையில் கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்று வந்தால் (கோடு 101) கோருக்கு வோல்டேஜ் போதவில்லை என்றே முதலில் சந்தேகிக்கலாம். திருத்த முடியாத ஹார்டுவேர் பிழை என்று சொல்லும் டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எர்ரர் (கோடு 124) வந்தால் கோராகவும் இருக்கலாம், கேஷாகவும் இருக்கலாம். கேஷை இரண்டு மூன்று படி இறக்கி அதே சோதனையை ஓட்டினால் யார் என்று தெரிந்துவிடும். மெமரி மேனேஜ்மென்ட் (கோடு 1ஏ) வந்தால் ராம் பக்கம் திரும்புங்கள். இந்தக் கோடுகள் சத்தியவாக்கு இல்லை, துப்புதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வோல்டேஜ் ஏற்றுவதைவிடத் துப்பு மேல்.

மெஷின் விழவே இல்லை, பிரைம்95 என்ற சோதனையில் ஒரு திரெட் மட்டும் ரவுண்டிங் பிழை சொல்லி நின்றுவிட்டது, மற்ற பதினொன்றும் ஓடுகின்றன. இது மிக நல்ல தகவல். ஒரே ஒரு கோர் மயிரிழையில் தோற்றிருக்கிறது. 10 மில்லிவோல்ட் அல்லது 15 கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். “மெஷின் விழவில்லையே, கேம் ஓடுகிறதே” என்று இதை விட்டுவிட வேண்டாம். தப்பாகக் கணக்குப் போடும் மெஷின் உங்கள் ஃபைல்களையும் தப்பாக எழுதும்.

எதுவுமே தெரியாமல் ஓடும் பிழைகளும் உண்டு. சோதனை முடிந்ததும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐடி 19 என்றால் பிழை வந்து திருத்தப்பட்டது, ஐடி 18 என்றால் திருத்த முடியாதது. எச்டபிள்யூஇன்ஃபோவின் அடியிலும் இதற்கு ஒரு கணக்கு ஓடும். அது பூஜ்யத்தில் இருக்கும் வரை எனக்குத் திருப்தி.

ஸ்கோர் குறைந்தால் வெப்பத்தைப் பாருங்கள். இந்தச் சிப் 100 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விழாது, ஆனால் ஓவர்கிளாக் செய்யாததைவிட மெதுவாகப் போகும். சிப் குளிர்ச்சியாக இருந்தும் வேகம் இறங்கினால் போர்டின் விஆர்எம் (வோல்டேஜ் ரெகுலேட்டர் பகுதி) சூடாகியிருக்கலாம், அல்லது பயாஸில் உள்ள பவர் லிமிட் தடுத்திருக்கலாம்.

இனி நீண்ட சோதனை. ஒரே சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. பிரைம்95-ன் ஸ்மால் எஃப்எஃப்டி கோரைத்தான் வதைக்கும், மெமரியை அதிகம் தொடாது. அதிலேயே பிளெண்ட் என்ற வகை மெமரி கன்ட்ரோலரையும் சேர்த்து இழுக்கும். ஓசிசிடியில் லோடை ஏற்றி இறக்கும் வகை இருக்கிறது. மேலே சொன்ன துள்ளலையும் குழியையும் பிடிக்க அது நல்லது. பல மணி நேரம் மற்றவற்றில் நின்ற மெஷினையும் வை-கிரஞ்சர் சில நிமிஷங்களில் கவிழ்த்துவிடும்.

ஏவிஎக்ஸ் கட்டளைகளோடு (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடுபவை) ஸ்மால் எஃப்எஃப்டி ஓட்டினால் வெப்பமும் மின்னோட்டமும் வேறு எந்த நிஜ வேலையிலும் வராத அளவுக்கு ஏறும். இதற்காகத்தான் பயாஸில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட் இருக்கிறது: 2 என்று வைத்தால் அந்தக் கட்டளைகள் வரும்போது மட்டும் 200 மெகாஹெர்ட்ஸ் இறங்கிக்கொள்ளும். கேம் ஆடுகிறவருக்கு இது வசதி. எனக்கு உதவாது. என் என்கோடரே ஏவிஎக்ஸ்2 பயன்படுத்துவதால் 2 வைத்தால் என் வேலை முழுவதும் 4.7-ல்தான் நடக்கும். அதனால் ஆஃப்செட்டைப் பூஜ்யமாக வைத்துவிட்டு, பிரைம்95-ஐ ஏவிஎக்ஸ் அணைத்து ஓட்டுகிறேன். கடைசித் தேர்வு என் சொந்த வேலைதான்: ஒரு நீண்ட வீடியோவை இரவு முழுக்க என்கோடு செய்ய விடுவது. உங்களுடைய கடைசித் தேர்வும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் தாண்டிய பின் நின்ற எண்ணுக்கு மேல் 10 அல்லது 15 மில்லிவோல்ட் சேர்த்துவிடுங்கள். கோடையில் அறை சூடாகும்போதும், கூலரில் தூசி படியும்போதும் அது வேண்டியிருக்கும்.

ராமும் அதன் கூட்டாளிகளும்

கோர் நின்ற பிறகுதான் எக்ஸ்எம்பி. டிடிஆர்4-க்கு அடிப்படை வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி போட்டால் வழக்கமாக 1.35 ஆகும். அது பரவாயில்லை. கவனிக்க வேண்டியது அதோடு சேர்ந்து சத்தமில்லாமல் ஏறும் இரண்டு: சிஸ்டம் ஏஜென்ட், விசிசிஐஓ. மெமரி கன்ட்ரோலர் சார்ந்த வோல்டேஜ்கள் இவை. என் சிப்பில் டிஃபால்ட் முறையே 1.05, 0.95. எக்ஸ்எம்பி போட்டதும் ஆட்டோவில் விட்டால் பல போர்டுகள் இவற்றை 1.25-க்கு மேலே கூடத் தூக்கிவிடும். தேவையே இல்லை. இரண்டையும் கையால் 1.10 என்று வைத்துப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 முழுச் சுற்று பிழையில்லாமல் முடிந்தால் அதோடு விடலாம், முடியாவிட்டால் 25 மில்லிவோல்ட் படிகளில் 1.20 வரை போகலாம். அதிகம் கொடுத்தால் நிலைமை மோசமாவதும் உண்டு.

ஆட்டோ என்றால் பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். 2023-ல் ரைசன் 7000 சிப்கள் சில கருகியபோது, மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ்தான் பேச்சாக இருந்தது. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் பயாஸ் வழியாகவே கட்டியது. 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை சிப்கள் தேய்ந்த விவகாரத்திலும், சிப் கேட்கும் வோல்டேஜ் 1.55-ஐத் தாண்டாதபடி 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (பயாஸோடு வரும், சிப்புக்கான உள் கட்டளைத் தொகுப்பு) வந்தது. அந்தத் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர்கள் புதிய பயாஸ் போட்ட பிறகுதான் மற்ற எதையும் தொட வேண்டும். அவர்களுக்கு என் யோசனை, வேகத்தை ஏற்றாமல் வோல்டேஜை இறக்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்பதுதான்.

ஃபிக்ஸட்டிலேயே விடலாமா

விடலாம், மெஷின் ஓடும். ஆனால் சும்மா இருக்கும்போதும் 1.30 வோல்ட் நிற்கும். அடாப்டிவ் முறையில் வைத்தால் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது வோல்டேஜும் சேர்ந்து இறங்கிக்கொள்ளும். மாற்றியதும் செய்ய வேண்டியது, அதே லோடை ஓட்டி அதே லோடு வோல்டேஜ் வருகிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் கொஞ்சம் மாறியிருக்கும். அடாப்டிவில் ஏசி லோடுலைன் என்ற இன்னொரு அமைப்பும் கணக்கில் சேர்கிறது. அது பெரிதாக இருந்தால் வோல்டேஜ் லோடில் ஏறுவதுகூட உண்டு. அதைக் குறைத்து உங்கள் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

சிப் தானாகக் கேட்பதைவிடக் குறைவான எண்ணை அடாப்டிவில் போட்டால் போர்டு அதைக் கண்டுகொள்ளாது. அப்போது வோல்டேஜ் ஆஃப்செட்டை (சிப் கேட்கும் எண்ணோடு கூட்டும் அளவு) மைனஸில் போட வேண்டியிருக்கும். மைனஸ் ஆஃப்செட் உச்சியில் மட்டும் குறைக்காது, கீழேயும் சேர்த்துக் குறைக்கும். அதனால் முழு லோடில் இரவெல்லாம் நின்ற மெஷின், பிரவுசரில் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போது உறையலாம். இப்படி நடந்தால் லோடு சோதனையில் தேடிப் பயனில்லை. ஆஃப்செட்டை 10, 20 மில்லிவோல்ட் தளர்த்துங்கள். அடாப்டிவுக்கு மாறிய பின் மெஷினை ஒரு நாள் சாதாரணமாகப் பயன்படுத்தி, ஸ்லீப் போட்டு எழுப்பிப் பாருங்கள்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு

என் இன்னொரு மெஷின் ரைசன் 5 5600எக்ஸ். அதில் மேலே சொன்ன ஃபிக்ஸட் வழி எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டினால், ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது சிப் தானாகத் தொடும் உச்ச வேகம் போய்விடுகிறது. பிபிஓவையும் (சிப் தானாக வேகமேற்றும் வரம்பைத் தளர்த்துவது) கர்வ் ஆப்டிமைசரையும் (ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் தனித்தனியே நகர்த்துவது) பயன்படுத்துவதே அங்கே நல்லது.

லேசான லோடில் ஒரு ரைசன் 1.45 வோல்ட்டைத் தாண்டினால் பதற வேண்டாம். ஒரு கோருக்கு, குறைந்த மின்னோட்டத்தில், சில கணங்களுக்குத் தரும் வோல்டேஜ் அது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எல்லாக் கோர்களுக்கும் 1.45 என்று ஃபிக்ஸட்டில் போடுவதுதான் ஆபத்து. ஃபிக்ஸட் கட்டாயம் என்றால் லோடில் 1.30-க்கு மேல் நான் போக மாட்டேன்.

கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் 30 முதல் பிளஸ் 30 வரை கொடுக்கலாம். ஒரு எண் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாவற்றையும் மைனஸ் 10-ல் தொடங்கி ஐந்தைந்தாக இறக்குங்கள். சிப்பின் சிறந்த கோர்கள்தான் முதலில் விழும்; அவை ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் ஓடுகின்றன, கொடுக்க அவற்றிடம் அதிகம் மிச்சமில்லை. சோதனைக்கு கோர்சைக்ளர் வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு கோரை மட்டும் முழு வேகத்தில் ஓட்டி, எந்தக் கோர் தோற்றது என்று பெயர் சொல்லிவிடும். தோற்ற கோரை மட்டும் ஐந்து தளர்த்தி மறுபடியும் ஓட்டுங்கள். என் சிப்பில் நாலு கோர்கள் மைனஸ் 25-ல் நிற்கின்றன, சிறந்த இரண்டு மைனஸ் 8-ஐத் தாண்டவில்லை.

ரைசனில் வோல்டேஜ் குறைந்தால் சிப் விழாமல் ஏமாற்றுவதும் உண்டு. திரையில் 4600 காட்டிக்கொண்டே உள்ளே கிளாக்கை இழுத்து நீட்டி மெதுவாக ஓடும். எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள். முழு லோடில் இந்த எண், திரை காட்டும் வேகத்தைவிட நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் குறைவாக இருந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். ஸ்கோரும் அதையே சொல்லும்.

எல்லாம் முடிந்த பின்

பயாஸில் புரொஃபைலாகச் சேமியுங்கள். அதோடு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் சேமித்த புரொஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும், அழியாவிட்டாலும் புதிய பதிப்பு ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். மெஷின் திரையே காட்டாமல் நின்றுவிட்டால் கிளியர் சிமாஸ் (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) செய்ய வேண்டும். அதற்கான ஜம்பர் போர்டில் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்துவையுங்கள், கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் இருக்கும்.

ஒரு வருஷம் கழித்து, எதையும் மாற்றாமலே மெஷின் விழ ஆரம்பித்தால் முதலில் தூசியைத் துடைத்துவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். வெப்பம் பழையபடியே இருந்தும் விழுந்தால் சிப் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். அப்போது வோல்டேஜை ஏற்றாதீர்கள். ஏற்றினால் தேய்மானம் இன்னும் வேகமாகும், சில மாதங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். மல்ட்டிப்ளையரில் ஒன்று இறக்கி, நோட்டில் அந்த வேகத்துக்கு எழுதியுள்ள லோடு வோல்டேஜோடு 20 மில்லிவோல்ட் சேர்த்துப் போட்டு, கோர் சோதனையை மட்டும் மறுபடியும் ஓட்டுங்கள்.